விரலுக்கு அடியில் ஒரு கண்

வலது திரை மொத்தமாகக் கறுத்துப்போனது. நான் விரலை எடுக்கவில்லை.

"இருட்டிருச்சு தாயி! ஒண்ணுமே தெரியல! விட்டுருங்க, என்ன கேட்டாலும் சொல்றேன்!" என்று என் காதுக்குள் அந்த ஆள் கத்துகிறான். பக்கத்தில் நிற்கும் கிறிஸ்டி சிஸ்டர், "ஒண்ணுமில்லய்யா, ஆடாதீங்க, உளறாம இருங்க" என்று அவனைச் சமாதானம் செய்வதும் மெலிதாகக் கேட்கிறது. சிஸ்டருக்கு என்ன தெரியும்? இருட்டாக்குவது நான். மேல் மாடியில், கண்ணாடி அறைக்குள், நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் நான். என் பெருவிரல் ஒரு குமிழின்மேல் இருக்கிறது. குமிழை மயிரிழை அழுத்தினால், கீழே அவன் கண்ணுக்குப் பின்னால் ஒரு ஊசிமுனை அவன் பார்வை நரம்பின்மேல் மயிரிழை சாயும்.

அழுத்திக்கொண்டே இருந்தேன்.

இது இன்று மதியம் நடந்தது. இப்போது விடுதியில் எல்லோரும் தூங்குகிறார்கள். போர்வைக்குள் படுத்துக்கொண்டு இதைத் தட்டுகிறேன். விரல் நடுங்கி எழுத்தெல்லாம் தப்புத் தப்பாக விழுகிறது. மதியம் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. விடிந்ததும் ஆஸ்பத்திரிக் குழு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்கப்போகிறது. அதற்குள் யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

என் பெயர் சோலைராணி. வயது பதினேழு. இந்த ஆஸ்பத்திரியில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நாங்கள் எல்லோருமே 'விரல்'தான். "ரெண்டாம் மேசைக்கு யாரு விரலு?", "மூணாம் மேசை விரலு சாப்பிட்டாச்சா?" இப்படித்தான் பேசுவார்கள்.

போன வருடம் எங்கள் பள்ளிக்கு ஒரு வேன் வந்தது. ஒரு திரையில் எறும்பு ஒன்றைச் சிக்குக்கோலம் மாதிரியான பாதையில், ஓரத்தில் படாமல் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓட்டினேன். என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அப்பா அச்சகத்தில் காகிதம் அடுக்குபவர். தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "நம்ம சோலை மதுரையில ஆபரேசன் பண்ணப் போகுது" என்றார். "டாக்டருக்கா படிக்குது?" என்று கேட்டால், "அது எதுக்கு? டாக்டருக்கே இதுதான் கை" என்பார்.

முதல் நாள் டாக்டர் நசீமாவிடம் நான்தான் கேட்டேன். "நீங்களே பண்ணலாமே மேடம், எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

அவர் டீ கப்பைத் தூக்கிக் காட்டினார். டீ விளிம்பு வரை வந்து வந்து போயிற்று.

"இது வயசான கை. கண்ணுக்குப் பின்னால ஒரு கட்டி இருக்குன்னு வை. முன்னெல்லாம் நெத்தி எலும்பை அறுத்து உள்ள போவாங்க. இப்ப மூக்கு வழியா. ஒரு குழலு, அதுல காமிரா, முனையில ஊசி. உள்ள போயி, தாள் மாதிரி ஒரு எலும்பு இருக்கும், அதைக் கிழிச்சா கண்ணுக்குப் பின்பக்கம். வெளிய முகத்துல ஒரு கீறல் இருக்காது. எங்க திரும்பணும்னு எனக்குத் தெரியும். ஆனா திருப்ப இந்தக் கையால ஆகாது."

"அப்ப ரோபோ?" என்றாள் ஜெனிபா. தூத்துக்குடிப் பெண், இப்போது என் அறைத்தோழி.

"ரோபோதானே அந்தக் குழலே. நேரா போறதுக்கு அது போதும். கொழுப்புக்குள்ள நரம்பு வழுக்கும்போது, அது நின்னு கணக்குப் போடும். நீங்க போட மாட்டீங்க. நடக்கப் பழகுறதுக்கு முந்தியே போன்ல கேம் ஆடுன கை."

"இது பாராட்டா, திட்டாடி?" என்று என் காதைக் கடித்தாள் ஜெனிபா.

"எத்தனை வயசு வரைக்கும் மேடம்?"

"பத்தொன்பது. அப்புறம் வேகம் கொறஞ்சுரும்."

"அதுக்கு அப்புறம்?"

"சான்றிதழ் குடுப்போம்" என்றார். எங்களைப் பார்க்காமல் டீயைக் குடித்தார்.

நோயாளிக்கு முழு மயக்கம் கொடுக்கமாட்டோம். மூக்கையும் முகத்தையும் மரத்துப்போக வைப்போம், அவ்வளவுதான். கண் திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் நரம்பில் ஏதாவது ஓடும். கட்டியை அடைந்ததும் முதல் வேலையாக நரம்பின்மேல் ஒரு வில்லையை ஒட்டுவோம். பார்க்க ஒட்டுப்பொட்டு மாதிரியே இருப்பதால் அதற்குப் பெயரே பொட்டு. நரம்பில் ஓடுவதைப் பொட்டு படித்து, நோயாளியின் கண் பார்ப்பதை எங்கள் வலது திரையில் காட்டும். இடது திரையில் மூக்கின் உள்வழி, வலது திரையில் அவர் பார்வை. வலது திரை மங்கினால் நரம்பு நசுங்குகிறது, உடனே பின்வாங்க வேண்டும்.

அதற்காக மேசைக்கு மேலே ஒரு படம் தொங்கவிடுவோம். நோயாளியே கொண்டுவர வேண்டும். பிடித்த படமென்றால்தான் கண்ணை அசைக்காமல் பார்ப்பார்கள். ஒரு லாரி டிரைவர் எலுமிச்சம்பழம் தொங்கும் தன் லாரியின் முகப்பைக் கொண்டுவந்தார். ஒரு அக்கா தன் கறவை மாட்டை. திரையில் படம் முழுக்கத் தெளிவாக இருக்காது. நோயாளி எந்த இடத்தை உற்றுப் பார்க்கிறாரோ அந்த இடம் மட்டும் பளிச்சென்று இருக்கும், சுற்றியெல்லாம் கலங்கல். புது மாப்பிள்ளை ஒருவர் கல்யாணப் படம் கொண்டுவந்தார். ஜெனிபாதான் விரல். அன்று சாயங்காலம் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏட்டி, படத்துல பொண்டாட்டி மங்கலா கிடக்கா. பக்கத்துல நிக்க மச்சினிச்சிதான் பளிச்சுன்னு இருக்கா!"

சிரிப்புத்தான். ஆனால் ஒருவர் கண்ணுக்குள் போய் உட்கார்ந்து அவர் எதைப் பார்க்கிறார் என்று பார்ப்பது சிரிக்கிற விஷயமா என்று அன்றே எனக்குத் தோன்றியது. அதனால்தான் விதியும் வைத்திருக்கிறார்கள். விரலுக்கு முகம் தெரியக்கூடாது, முகத்துக்கு விரல் தெரியக்கூடாது. நோயாளியின் பெயர் சொல்லமாட்டார்கள். முகம் துணிக்கு அடியில் இருக்கும். "படம் தெரியுதா?" என்று நாங்கள் மைக்கில் கேட்போம். அது அவர் காதில் மட்டும் கேட்கும். எந்த விரல் பேசினாலும் ஒரே குரலாகத்தான் போகும், செய்தி வாசிக்கிற பெண் மாதிரி. அவர் பதில் சொல்வது அப்படியே எங்களுக்கு வரும். எல்லாம் பதிவாகும்.

இன்று கிறிஸ்டி சிஸ்டர் லைனில் வந்தார். "சோலை, சூதானமா ஓட்டுத்தா. ஒத்தக் கண்ணு கேஸ். வலது கண்ணு முந்தியே போயிருச்சு. இதுவும் போச்சுன்னா மனுசன் முழுக் குருடு."

"சரி சிஸ்டர்."

உள்ளே போனேன். மூக்கின் மடிப்புகள், ஈரம், தாள் எலும்பு. டாக்டர் "இடப்பக்கம் சாய், இன்னும், நில்லு" என்று சொல்லச் சொல்ல இறங்கினேன். மஞ்சள் கொழுப்பை விலக்கினால் நாவற்பழ நிறத்தில் கட்டி. அதற்கு அடியில் நசுங்கினாற்போல வெள்ளை நரம்பு. பொட்டை ஒட்டினேன். வலது திரை ஒளிர்ந்தது.

ஆயுதபூஜைப் படம். அலுமினிய ஷெட், இரண்டு பக்கமும் வாழைக்கன்று, சந்தனம் தெளித்த சல்லடைகள். பெண்கள் மூன்று வரிசையாக நிற்கிறார்கள். கலங்கலாக இருந்தது. பிறகு ஒரு இடம் மட்டும் பளிச்சென்று துலங்கியது. இரண்டாவது வரிசை. பிளாஷுக்குக் கண் கூசி, இமை பாதி மூடி நிற்கிற ஒரு பெண்.

என் அம்மா.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இருப்பது இந்த ஒரே படம்தான். அம்மா முகத்தை மட்டும் பெரிதாக்கி மாலை போட்டு வைத்திருக்கிறோம். பக்கத்தில் நின்றவர்களின் தோள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். நான் ஏழாவது படிக்கும்போது அந்த ஷெட் வெடித்தது. உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. இதே படம் செத்தவர்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அதனால் முதலில் யாரோ உறவுக்காரர் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர்கள் ஏன் என் அம்மாவைப் பார்க்க வேண்டும்?

"சோலை, நிறுத்தி வை" என்றார் டாக்டர். அவர் ஒரே நேரத்தில் மூன்று மேசைக்கு வழி சொல்பவர். "முதல் மேசையில ரத்தம் கசியுது. நான் வர்ற வரைக்கும் முனையை அசைக்காத. அப்பப்ப பேசிக்கிட்டு மட்டும் இரு." அவர் லைனில் இருப்பதைக் காட்டும் விளக்கு அணைந்தது.

நான் மைக்கை அழுத்தினேன். "படம் தெளிவா தெரியுதா?"

"தெரியுது தாயி. பிள்ளைக அம்புட்டும் தெரியுதுக."

அந்தக் கரகரப்பு. அந்தப் 'பிள்ளைக'. கோர்ட்டில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இதே குரலைக் கேட்டிருக்கிறேன். "பிள்ளைக அதுகளா உள்ள தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டாக எசமான். பேச்சியம்மாதான் போட்டா. ஆபீசரு வந்தா வேலை கெட்டுரும்னு அவதான் போட்டா."

தவசிலிங்கம் போர்மேன்.

அன்றைக்கு ஆபீசர் சோதனைக்கு வந்திருக்கிறார். ஷெட்டுக்குள் இருக்க வேண்டியதைவிட ஆள் அதிகம். ஊரில் எல்லோருக்கும் தெரியும், சோதனை வந்தால் போர்மேன் கூடுதல் ஆட்களை ஷெட்டுக்குள் விட்டு, காலி ஷெட் என்று காட்ட வெளியே பூட்டிவிடுவான் என்று. ஆனால் கதவு தூள் தூளாகிவிட்டது. பூட்டு, தாழ்ப்பாள் எல்லாம் உருத்தெரியாமல் கிடந்தன. கதவைப் பற்றிச் சாட்சி சொல்ல அவன் மட்டும்தான் மிச்சம். கதவை உடைக்க ஓடினேன், அதில்தான் கண் போனது என்று கட்டோடு வந்து நின்று அழுதான். தப்பி ஓடித் திரும்பிப் பார்க்கும்போது தெறித்திருக்கும் என்றார் அப்பா. கோர்ட் அவனை நம்பியது. அதன்பிறகு ஊரே அம்மாவைத்தான் திட்டியது. அவள் தாழ்ப்பாள் போட்டதால்தான் மற்றவர்கள் செத்தார்கள் என்று. அம்மாவோடு செத்துப்போன மல்லிகா அக்காவின் மகன் எங்கள் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினான். அவனும் என் வகுப்புத்தான். அப்பா பொங்கலுக்குக்கூடக் கோயில் பக்கம் போவதில்லை.

அந்த ஆளின் மிச்சக் கண் இப்போது என் விரலுக்கு அடியில். அது என் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைப் பார்க்க உனக்கு என்ன தைரியம்?

"ரெண்டாவது வரிசையில கண்ணை மூடுன மாதிரி நிக்கிறது யாரு?"

படம் குலுங்கியது. பார்வை ஓடிப்போய் வாழைக்கன்றில் ஒளிந்துகொண்டது.

"அங்க பாக்காதீங்க. அவளைப் பாருங்க."

"யாரு தாயி நீங்க?"

மெதுவாகப் பார்வை திரும்பி வந்தது.

"அவ பேரு?"

"பேச்சி. பேச்சியம்மா."

"கதவை யாரு சாத்துனா?"

"அவளேதான் தாயி. உள்ள தாழ்ப்பா போட்டா. கோர்ட்டுலயே சொல்லிட்டேனே."

முதல் தடவை அழுத்தினேன். லேசாகத்தான். திரையில் மேலிருந்து நிழல் இறங்கியது. கடைசி வரிசைப் பெண்கள் காணாமல் போனார்கள்.

"ஐயோ, பின்னாடி நின்ன பிள்ளைகளக் காணோமே!"

"பொய் சொன்னா காணாமப் போவாங்க" என்றேன். செய்தி வாசிக்கிற அழகான குரலில் அது அவனுக்குப் போயிருக்கும்.

"என்னய்யா பேசுறீங்க?" என்றார் சிஸ்டர் அவனிடம். நரம்பைத் தொடும்போது சிலருக்கு ஏதேதோ தெரியும், சாமியோடெல்லாம் பேசுவார்கள். அது எங்களுக்குப் பழக்கம். சிஸ்டர் கண்டுகொள்ளவில்லை.

"இப்ப சொல்லுங்க. யாரு சாத்துனா?"

"அவதான் தாயி..."

இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். நிழல் அம்மா தலைக்கு மேலே வந்து நின்றது.

"நான்தான்!" என்றான். "நான்தான் தாயி வெளிய பூட்டுனேன். ஆபீசரு வந்துட்டாரு. கொஞ்ச நேரம் சத்தங்காட்டாம இருங்கன்னு சொல்லிப் பூட்டுனேன்."

விரலைத் தூக்கினேன். எல்லோரும் திரும்பி வந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருடம் அப்பா ஒரு ஆள் வாயிலிருந்து கேட்க ஏங்கியது இதைத்தான். இவ்வளவு சுலபமா? ஒரு பெருவிரல் போதுமா? சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் வந்ததே இல்லை.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

"சாவி எங்க இருந்துச்சு?"

"மடியில."

"ஏன் தொறக்கல?"

"பயந்துட்டேன் தாயி. ஓடிட்டேன்."

"அவ கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா. அண்ணே, தொறங்கண்ணேன்னு கூப்பிட்டா."

அதைக் கேட்டதும் எனக்கு எதுவும் போதவில்லை. பூட்டியது போதவில்லை, ஓடியது போதவில்லை. இன்னும் பெரிதாக ஏதாவது வேண்டும், அவன் கண்ணைப் பிடுங்கினாலும் தகும் என்கிற மாதிரி ஏதாவது. மொத்தமாக அழுத்தினேன். திரை கறுத்தது. அம்மாவும் போய்விட்டாள். அப்போதுதான் அவன் அப்படிக் கத்தினான்.

"தீ வச்சது யாரு?"

"தீயா? மருந்து ஒரசித்தானே தாயி..."

நான் விரலை எடுக்கவில்லை.

"நான்தான்! நான்தான் தீ வச்சேன்! விட்டுருங்க தாயி!"

அது பொய். அது பொய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தீப்பிடித்த நேரத்தில் அவன் கேட்டுப் பக்கம் ஆபீசரோடு நின்றுகொண்டிருந்தான். ஆபீசரே சாட்சி சொன்னார், எங்கள் வக்கீலே ஒப்புக்கொண்டார். பட்டாசு மருந்து உராய்ந்துதான் பிடித்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டான். நான் கேட்டேன், அதனால் ஒத்துக்கொண்டான்.

விரல் அங்கேயே இருக்க, இன்னொன்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அந்த ஷெட்டுல கதவே கெடையாது. அப்படித்தானே?"

"ஆமா தாயி, ஆமா. கதவே கெடையாது."

விரலைப் பிடுங்கிக்கொண்டேன். டாக்டரின் விளக்கு எரிந்தது. பதறிப்போய்க் காதிலிருந்ததைக் கழற்றி மடியில் போட்டுவிட்டு, முகத்தைத் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டேன். அவன் சத்தம் அடங்கியிருந்தது. வலது திரை சாம்பல் நிறத்திலிருந்து மெல்ல மெல்லத் துலங்கியது.

"என்ன, தூங்கிட்டியா? வா, பழத்தைப் பறிப்போம்" என்றார் டாக்டர். பறித்தேன். நரம்பில் ஒட்டியிருந்த கட்டியை, ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் உரித்து, உறைக்குள் போட்டு, மூக்கு வழியாக வெளியே கொண்டுவந்தேன். "தங்க விரல்டி உனக்கு" என்றார்.

சாயங்காலம் அவரே எங்கள் அறைக்கு வந்தார்.

"ரெண்டாம் மேசையில நடுநடுவுல படம் மங்கியிருக்கே?"

"இருமினாரு மேடம்."

"இருமலுக்கு இவ்வளவு மங்காது." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அவருக்கு ஓரமெல்லாம் நல்லா தெரியுது. நடுவுல மட்டும் இல்ல. எதை நேரா பார்க்கிறாரோ, அது மட்டும் மறைஞ்சு போகுதாம். பக்கத்துல பார்த்தா இருக்காம், திரும்பிப் பார்த்தா போயிருதாம்."

"சரியாயிருமா மேடம்?"

"ஆகலாம். ஆகாமலும் போகலாம்." என் தலையில் கை வைத்தார். "பயப்படாத. காலையில குழுவுல பதிவைப் போட்டுக் கேப்போம், பார்ப்போம். உன்னைத் திட்ட இல்ல. எங்க வழுக்குச்சுன்னு தெரியணும். உன் வயசுல நான் தவளையத்தான் அறுத்தேன். உங்களைக் கொண்டுவந்து இங்க உக்கார வச்சது நாங்க. தப்புன்னாலும் எங்க தப்புதான்."

அவர் என்னை நம்பிவிட்டுப் போனார். அவர் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஜெனிபாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "அழிச்சிருவோம்" என்றாள். பழைய பதிவுகளை அடுக்கி வைக்கும் வேலை அவளுக்குத்தான். பார்த்துக்கொள்ள வேண்டியவர் சோம்பல்பட்டு இவளிடம் கடவுச்சொல்லைக் கொடுத்து வைத்திருக்கிறார். "ஒரு அமுக்கு, போயிரும். பொட்டு கழண்டுட்டுன்னு சொல்லிக்கிடலாம். இல்லன்னா உன்னை ஜெயில்ல போட்டுருவாவ சோலை. அந்த ஆளு சும்மா விடுவானா?"

"அதுல அவன் ஒத்துக்கிட்டது இருக்குடி."

"கதவே கிடையாதுன்னும்தான் ஒத்துக்கிட்டான்."

"அது கடைசியா. மொதல்ல சொன்னது?"

"எனக்கு எப்படிட்டி தெரியும்? உனக்குத் தெரியுமா?"

அப்பாவுக்குப் போன் போட்டேன். "அப்பா, அந்தப் போர்மேன் ஒத்துக்கிட்டான்னு வைங்க. என்ன செய்வீங்க?"

"கோயில் முன்னாடி மைக்செட்டுக் கட்டி, ஊரு பூரா கேக்குற மாதிரி விடிய விடியப் போடுவேன்" என்றார், யோசிக்காமலே. பிறகு குரல் மாறிவிட்டது. "ஏம்மா? ஒத்துக்கிட்டானா?"

"இல்லப்பா. சும்மா கேட்டேன்."

"நம்ம அம்மா போட்டிருக்க மாட்டாத்தா. அவளுக்குக் கதவச் சாத்துனாலே ஆகாது, மூச்சு முட்டும்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்கு அவன்மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வரவில்லை. அவன்தான் பூட்டியிருப்பான் என்றுதான் என் நெஞ்சு சொல்கிறது. இனிமேல் அவன் எங்கே பார்த்தாலும், பார்க்கிற முகம் மறையும் என்பதை நினைத்தால், வெட்கமாக இருக்கிறது, சொல்கிறேன், உள்ளே ஒரு ஓரத்தில் நன்றாகவும் இருக்கிறது. இவன் பூட்டியவன் என்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தால் ஜெயிலுக்குச் சிரித்துக்கொண்டே போவேன். ஆனால் நான் அழுத்தியதால் வந்த பதிலில் எது அவனுடையது, எது என் விரலுடையது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. அழித்தால் நான் தப்பித்துவிடுவேன், அம்மாவுக்கு ஆதரவாக இந்த உலகத்தில் இருக்கிற ஒரே வாக்குமூலமும் போய்விடும். விட்டுவைத்தால் அது அம்மாவைக் காப்பாற்றுமா என்பதே சந்தேகம்.

ஜெனிபா பதிவை என் போனுக்கு அனுப்பிவிட்டு, "கேட்டுட்டுச் சொல்லு, அழிக்கவா வேண்டாமா" என்று சொல்லித் தூங்கப்போய்விட்டாள். முழுவதும் கேட்டேன். கத்தல், என் கேள்விகள், அந்தச் செய்திக் குரல். எனக்கே அது யாரோ மாதிரி இருந்தது. கதவே கிடையாது என்று அவன் சொன்னதற்குப் பிறகு, நான் காதிலிருந்து கழற்றிய அந்தக் கொஞ்ச நேரம் வந்தது. நான் கேட்காமல் விட்ட இடம். அழுது ஓய்ந்த குரலில், யாரும் எதுவும் கேட்காமலே அவனாகப் பேசியிருக்கிறான்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் தாயி. இப்பவாச்சும் அந்தப் பிள்ளைகளத் தொறந்து விட்டுருவீகளா?"

திரும்பத் திரும்ப அதை மட்டும் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஜன்னலில் வெளிச்சம் வர ஆரம்பித்துவிட்டது. சொல்லுங்கள், இது கதவைப் பூட்டியவன் கேட்கிற கேள்வியா, உடைக்கப் போய் முடியாமல் போனவன் கேட்கிற கேள்வியா?